அப்பாவுக்குக் கவனகப் பயிற்சி: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. ஊர் நாகர்கோவில். கொஞ்ச நாளாகப் பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வரவில்லை, ஒரே கேள்வியை மறுபடியும் கேட்கிறார். டாக்டரிடம் காட்டியாயிற்று. தைராய்டு சரி. பி12 குறைவு என்று ஊசி போட்டார்கள். காதையும் சோதிக்கச் சொன்னார். சரியாகக் கேட்காததே பாதி மறதியாகத் தெரியுமாம். நடை, தூக்கம், நாலு பேரோடு பேச்சு, புதிதாக ஏதாவது கற்பது, இவைதான் அவர் சொன்ன மருந்து.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் சிக்கல். குறுக்கெழுத்து, சுடோகு எதிலும் அப்பாவுக்கு ஒட்டவில்லை. ஆனால் கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் (ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனித்து, நினைவில் வைத்துப் பதில் சொல்லும் கவனகம்) செய்த கதையை மட்டும் உற்சாகமாகச் சொல்வார். வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார்கள், கணக்குக் கேட்பார்கள், நடுவே முதுகில் ஒவ்வொன்றாகக் கல் எறிவார்கள். கடைசியில் எத்தனை கல் என்று சொல்ல வேண்டும். சரி, அதையே பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

நாகர்கோவில் பக்கம் பெரியவர்களுக்குக் கவனகம் சொல்லித்தருபவர்கள் இருக்கிறார்களா? ஆன்லைன் என்றாலும் பரவாயில்லை. வீட்டில் இரண்டு மூன்று கவனகத்தோடு தொடங்குவதென்றால் எதை முதலில் எடுப்பது? பேத்தி கல் எறியத் தயார், அவளுக்கு அதில்தான் ரொம்ப ஆர்வம்.

ஞாபகசக்தி மாத்திரை, பவுடர் எதுவும் பரிந்துரைக்க வேண்டாம். வல்லாரைத் துவையலே வாரம் தவறாமல் நடக்கிறது.