முதல் கியர் பைக், அதுவும் செகண்ட் ஹேண்ட்: ஸ்பிளெண்டரா, பல்சரா, பார்டர் தாண்டி எஃப்இசட்டா?

பத்மநாபபுரம் பையன்:
அண்ணன்மாரே, எல்எல்ஆர் எடுத்து மூணு வாரம் ஆகுது. இதுவரை ஸ்கூட்டி மட்டும்தான், கியர் வண்டி கிரவுண்டில் ஓட்டிப் பழகியதோடு சரி. அடுத்த மாசத்திலிருந்து தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போகணும், போக வர முப்பது கிலோமீட்டருக்கு மேல வரும். கையில 50,000 இருக்கு, அவசியம்னா கொஞ்சம் கூட்டலாம்.

மூணு வண்டி பார்த்து வச்சிருக்கேன். குளச்சல் பக்கம் 2017 ஸ்பிளெண்டர் பிளஸ், டிஎன் 75, மீட்டர்ல 31,000 கி.மீ., கேட்கிறது 38,000. ஆர்சி இறந்துபோன அப்பா பேர்ல, மகன் விற்கிறார். ரெண்டாவது நாகர்கோவில்ல ஒரு கன்சல்டிங்ல (பழைய வண்டி வாங்கி விற்கிற கடை) 2019 பல்சர் 150, 58,000 சொல்றாங்க, "ஓப்பன் லெட்டர் ரெடி, இன்னைக்கே எடுத்துட்டுப் போகலாம்"னு சொல்றாங்க. மூணாவது பாறசாலையில 2016 எஃப்இசட், கேஎல் 19 நம்பர், 35,000க்கே தர்றாங்க. எதை எடுக்கலாம்? போய்ப் பார்க்கும்போது என்னென்ன சோதிக்கணும்?

நாஞ்சில் ஸ்பேனர்:
தம்பி, முதல்ல எடையைப் பாருங்க. ஸ்பிளெண்டர் சுமார் 112 கிலோ. பல்சர் 150 அதைவிட முப்பது கிலோ கூட. ஓடும்போது அந்த வித்தியாசம் தெரியாது. மார்த்தாண்டம் நெரிசலில் ஊர்ந்து போகும்போதும், சரிவான முற்றத்தில் தள்ளித் திருப்பும்போதும்தான் தெரியும். புதுசா ஓட்டுறவங்க வண்டியைச் சாய்ப்பது பெரும்பாலும் நிற்கும்போதுதான். ரெண்டு காலும் பாதம் முழுசாத் தரையில் படணும். அது படாத வண்டியை, எவ்வளவு அழகா இருந்தாலும், முதல் வண்டியா எடுக்காதீங்க.

இனி சோதனை. காலையில் போங்க. "நான் வர்ற வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்"னு முந்தின நாளே சொல்லிடுங்க. போனதும் எஞ்சின் பக்கம் உள்ளங்கையைக் கொண்டுபோங்க. சூடு அடிச்சா, ஏதோ மறைக்க முன்கூட்டியே ஓட்டி வச்சிருக்காங்கன்னு சந்தேகப்படலாம். தேய்ஞ்ச எஞ்சின் தன் நோயைக் குளிர்ந்த நிலையில்தான் காட்டும்.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே ஆயில் ஸ்டிக்கை எடுத்துத் துணியில் துடைச்சுப் பாருங்க. கறுப்பா இருந்தா பரவாயில்லை, மாத்திக்கலாம். பால் டீ நிறத்தில் இருந்தா உள்ளே தண்ணி போயிருக்கு. 2021 நவம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களில் நம்ம மாவட்டத்தில் எத்தனையோ வண்டி தண்ணியில் நின்றது. அதனால சீட்டைக் கழற்றி அடியில் சேறு படிஞ்ச கோடு இருக்கான்னு பாருங்க. ஏர் ஃபில்டர் பெட்டி மூலை, ஹெட்லைட் ரிஃப்ளெக்டர், வயரிங் கப்ளர் பின்களையும் பாருங்க. பின் பச்சை பூத்திருந்தா அந்த வண்டி வருஷம் முழுக்க எலக்ட்ரீஷியன் கடையிலதான் நிற்கும்.

ஸ்பிளெண்டர்னா கிக்கைக் கையால மெதுவா அமுக்குங்க, நடுவுல எதிர்த்து நிற்கணும். வழுக்கிக்கொண்டு கீழே போனா கம்ப்ரஷன் இல்லை. ஸ்டார்ட் ஆனபின் ஒருத்தர் சைலன்சர் பின்னாடி நிற்கட்டும். கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடவிட்டுத் திடீர்னு முறுக்கும்போது மட்டும் ஒரு கொத்து நீலப் புகை வந்தா வால்வு சீல், செலவு சின்னது. முறுக்கும்போதெல்லாம் தொடர்ந்து நீலமா வந்தா பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் போரும் தேய்ஞ்சிருக்கு, அப்போ எஞ்சினை இறக்கணும். கறுப்புப் புகைன்னா பெட்ரோல் கூடுதலாப் போகுது. விடிகாலையில் ரெண்டு நிமிஷம் வெள்ளையா வந்து நின்னா அது வெறும் நீராவி. "கடகட"ன்னு டைமிங் செயின் சத்தம் சூடானபிறகும் நிற்கலைன்னா அந்தச் செலவையும் விலையில் கழிக்கணும்.

அடுத்து சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்னாடி ஒருத்தர் அழுத்த, முன் சக்கரம் தரையை விட்டு எழும்பட்டும். ஹேண்டில்பாரை ஒரு விரலால் இடமும் வலமும் தள்ளுங்க. நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பது மாதிரி இருந்தா கோன் செட் (ஹேண்டில் திரும்புற கழுத்து பேரிங்) போச்சு. ஃபோர்க்கைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க, "டக் டக்"னா அதே கதை. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினா ஸ்விங் ஆர்ம் புஷ், வீல் பேரிங் ரெண்டும் தெரியும்.

விபத்து வண்டியைப் பெயின்ட்டில் தேடாதீங்க, பெயின்ட் அடிக்க அரை நாள் போதும். ஹேண்டில் ஒடிக்கும்போது மோதி நிற்கிற அந்தச் சின்ன இரும்புத் தடுப்பைப் பாருங்க. அது நசுங்கியோ வளைஞ்சோ இருந்தா முன்பக்கம் பலமா அடி வாங்கியிருக்கு. கழுத்து வெல்டிங்கில் முடி மாதிரி விரிசல் இருந்தா பேரமே பேசாம வந்துடுங்க.

31,000ங்கிற மீட்டரையும் அப்படியே நம்ப வேண்டாம். கியர் லிவர் ரப்பர், ஃபுட்ரெஸ்ட் ரப்பர், சாவித் துளை இவை மூணும் மீட்டரைவிட உண்மை பேசும்.

பார்டர் ஆள்:
எஞ்சின் பற்றி மேலே சொல்லியாயிற்று, நான் காகிதம் மட்டும் சொல்கிறேன். மூன்று வண்டியிலும் சிக்கல் இருக்கிறது, மூன்றும் வேறு வேறு.

ஸ்பிளெண்டர்: அப்பா பெயரில் இருக்கும் வண்டியை மகன் நேரடியாக உங்களுக்கு மாற்றித் தர முடியாது. முதலில் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் வைத்து பாரம் 31-இல் அவர் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்குப் பிறகு பாரம் 29, 30 போட்டு உங்களுக்கு. இரண்டு சகோதரிகள் இருந்து ஒருவர் கையெழுத்துப் போடவில்லை என்றால் வண்டி உங்கள் வீட்டிலும் ஆர்சி இறந்தவர் பெயரிலுமாக நிற்கும். மகன் பெயருக்கு மாறிய ஆர்சியைக் கண்ணால் பார்த்த பிறகே முழுப் பணம் கொடுங்கள்.

பல்சர்: "ஓப்பன் லெட்டர்" என்பது ஓனர் கையெழுத்துப் போட்டு, வாங்குபவர் பெயரை எழுதாமல் விட்ட 29, 30 பாரங்கள். அது கை மாறிக்கொண்டே இருக்கும், ஆர்சியில் பெயர் மட்டும் மாறாது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரையே உரிமையாளராகக் கொள்ள வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் விபத்து வழக்கு ஒன்றில் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்களுக்கு என்ன நஷ்டம் என்றால், உரிமையாளர் ஓட்டும்போது விபத்து நடந்தால் கிடைக்கும் 15 லட்ச ரூபாய் தனிநபர் காப்பீடு, ஆர்சியும் பாலிசியும் உங்கள் பெயரில் இல்லாவிட்டால் உங்கள் வீட்டுக்கு வராது. லைசென்ஸ் இல்லாவிட்டாலும் வராது. வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்கள். பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) அவருடையது, உங்களுக்கு வராது. அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள், அது நியாயம்தான்.

ஆர்சியில் பைனான்ஸ் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடன் அடைத்தாயிற்று என்று வாயால் சொன்னால் போதாது. பைனான்ஸ் கொடுத்தவரின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) பாரம் 35-உம் சேர்ந்து கையில் வரவேண்டும்.

எஃப்இசட்: 35,000 என்பது பாதி விலைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேரள ஆர்டிஓவிடம் பாரம் 28-இல் என்ஓசி வாங்க வேண்டும். நிலுவையில் அபராதம் இருந்தால் முதலில் அதைக் கட்டித் தீர்க்க வேண்டும். 2023 ஜூனிலிருந்து அங்கே ஏஐ கேமரா அபராதம் வேறு வீடு தேடி வருகிறது. பிறகு இங்கே வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, தமிழ்நாட்டுக்கு ஆயுள் வரி கட்டி, புது நம்பர் வாங்க வேண்டும். வண்டியின் வயது கூடக்கூட வரி குறையும், ஆனால் இல்லாமல் போகாது. களியக்காவிளையைத் தாண்டி மலிவாக வாங்கியவர்கள் பலரும் இந்தக் கணக்கைப் பின்னால்தான் போடுகிறார்கள். என்ஓசி எடுத்துத் தருவது விற்பவர் பொறுப்பு என்று எழுதி வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

எந்த வண்டியானாலும் பரிவாகன் என்ற மத்திய அரசின் வாகனத் தளத்தில் நம்பரைப் போட்டு, இன்சூரன்ஸ், புகைச் சான்று, கடன், இ-சலான் நான்கையும் பாருங்கள். சேஸிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வண்டியில் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள்.

குளச்சல் காற்று:
மக்கா, நம்பர் ஒப்பிடச் சொன்னாங்கல்லா, கடற்கரை வண்டியில அந்த நம்பரே துருவுல மங்கிப் போயிருக்கும் பாத்துக்கோ. தேய்ச்சுப் படிக்க முடியலன்னா ஆர்டிஓ ஆபீஸ்ல காட்டவேண்டிய நாள்ல நீதான் முழிப்ப.

மணவாளக்குறிச்சி, முட்டம், குளச்சல் பக்கத்து வண்டிக்கெல்லாம் உப்புக் காத்துதான் எமன். மேல டேங்க் கொள்ளாம், கண்ணாடி மாதிரி மின்னும். கீழ குனிஞ்சு பாக்கணும் கேட்டியா. சைலன்சர் எஞ்சினோட சேர்ற வளைவு, ஸ்டாண்டு பிவட், பேட்டரி வைக்கிற தட்டு, பின் மட்கார்டு உள்பக்கம், இங்கதான் முதல்ல தின்னும். ஸ்க்ரூடிரைவர் பின்பக்கத்தால தட்டிப் பாரு. "ணங்"குன்னா இரும்பு இருக்கு, "பொத்"துன்னா பெயின்ட் மட்டும்தான் இருக்கு.

பின்னாடி கேரியர் இருந்த அடையாளம் இருக்கான்னு பாரு. மீன் பெட்டி ஏத்துன வண்டின்னா ஐஸ் தண்ணி உப்போட சொட்டிச் சொட்டி ஸ்விங் ஆர்மும் செயினும் ஷாக் அப்சார்பர் அடியும் கெட்டிருக்கும். கேரியரைக் கழத்திட்டு விப்பாங்க, போல்ட்டு ஓட்டை காட்டிக் கொடுத்திரும்.

ஃபோர்க் பைப்பு மேல நகத்த ஓட்டிப் பாரு. புள்ளி புள்ளியாத் துரு பிடிச்ச இடத்துல நகம் தடுக்கும். அந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் ஆயில் சீலை அரம் மாதிரி அறுக்கும். சீல் மட்டும் மாத்துனா ரெண்டு மாசத்துல திரும்ப ஒழுகும், பைப்பையே மாத்தணும்.

பத்மநாபபுரம் பையன்:
ரொம்ப நன்றி. இன்னைக்குக் காலையில ஒரு மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கிட்டு குளச்சல் போனேன். எஞ்சின் சுத்தம், புகை இல்லை. ஃபோர்க்ல நகம் தடுக்கலை. ஆனா பின் ஸ்பிராக்கெட் பல்லு கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு, டயர்ல 1517னு இருக்கு, பேட்டரி செல்ஃப் எடுக்கலை. மகன் பேருக்கு மாத்த மனு கொடுத்தாச்சுன்னு ரசீது காட்டினார். எவ்வளவு குறைச்சுக் கேக்கலாம்? இல்ல பல்சருக்குப் போகட்டா, அதுல ஏபிஎஸ் (திடீர் பிரேக்ல சக்கரம் பூட்டிக்காமத் தடுக்கிறது) இருக்குன்னு சொல்றாங்க.

நாஞ்சில் ஸ்பேனர்:
1517ன்னா 2017ஆம் வருஷம் 15ஆவது வாரம், கம்பெனியில் வந்த டயரே ஓடுது. டயர் பட்டன் தேயாம எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ரப்பர் கட்டியாகியிருக்கும், மழையில் வழுக்கும். நமக்கு வருஷத்துக்கு ரெண்டு மழைக்காலம், அதனால ரெண்டு டயரும் மாத்தியே ஆகணும். செயினையும் ரெண்டு ஸ்பிராக்கெட்டையும் செட்டாத்தான் மாத்தணும். பழைய பல்லில் புதுச் செயின் போட்டா அதுவும் சீக்கிரம் தேயும். டயர் ரெண்டு, செயின் செட், பேட்டரி, முன் பின் பிரேக் ஷூ, இதுக்கெல்லாம் வடசேரியிலோ தக்கலையிலோ ஸ்பேர் கடையில் விலை எழுதி வாங்கிட்டுப் போய் அந்தத் தாளை நீட்டுங்க. "கொஞ்சம் குறைங்க"ன்னா ஆயிரம்தான் குறையும். தாளைக் காட்டினா அவருக்கும் மறுக்க வழி இல்லை.

பேட்டரி வாங்குமுன் ஒண்ணு. வேற நல்ல பேட்டரி போட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கி, மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க. 13.5 முதல் 14.5 வோல்ட்டுக்குள் வரணும். 12 சொச்சத்திலேயே நின்னா சார்ஜ் ஏறலை, ரெகுலேட்டரோ ஸ்டேட்டரோ போயிருக்கு. புதுப் பேட்டரியும் சீக்கிரமே படுத்துடும்.

பல்சர் ஏபிஎஸ் விஷயம்: 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரல் 1 முதல்தான். அதனால 2019ன்னு சொன்னா போதாது, ஆர்சியில் தயாரிப்பு மாசத்தைப் பாருங்க. சாவி போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரியணும், வண்டி நகர்ந்ததும் அணையணும். எரியவே இல்லைன்னா பல்பைப் பிடுங்கியிருக்க வாய்ப்பு உண்டு. ஏபிஎஸ் நல்லதுதான், மறுக்கலை. ஆனா உங்க பட்ஜெட்டைத் தாண்டி, ஓப்பன் லெட்டரோட வர்ற வண்டியை அதுக்காக எடுக்க நான் சொல்ல மாட்டேன். ஸ்பிளெண்டர் முன் டிரம் பிரேக்கும் ஷூ, கேபிள் சரியா இருந்தா உங்க வேகத்துக்குப் போதும்.

பார்டர் ஆள்:
ரசீது என்பது மனு கொடுத்ததற்கு மட்டும்தான். சிறிய அட்வான்ஸ் கொடுத்து, மொத்த விலை, சேஸிஸ் நம்பர், ஆர்சி மாறும்வரை வண்டி யாரிடம் இருக்கும் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இன்சூரன்ஸ் முடிந்திருந்தால் ஒரு நாள்கூட ரோட்டில் எடுக்க வேண்டாம், முதல் தடவையே 2,000 அபராதம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000. எல்எல்ஆர் எடுத்து 30 நாள் கழிந்தால் டெஸ்டுக்குப் போகலாம், உங்களுக்கு இன்னும் ஒரு வாரம்தான்.

குளச்சல் காற்று:
வாங்குனதும் முதல் வேலை ஆயில் மாத்து. பைக் ஆயில்தான், டப்பாவுல ஜாசோ (JASO, பைக் ஆயிலுக்கான ஜப்பான் தர முத்திரை) எம்ஏ இல்லன்னா எம்ஏ2ன்னு இருக்கணும். கார் ஆயிலை ஊத்தினா கிளட்ச் வழுக்கும். செயின் நடுவுல மேலயும் கீழயுமா 20, 30 மில்லிமீட்டர் ஆட்டம் வச்சா போதும். கிளட்ச் லிவர் நுனியில 10, 15 மில்லிமீட்டர் சும்மா ஆடணும். பெறகு, குளச்சல்ல நின்ன வண்டில்லா, பம்பு வச்சு நல்ல தண்ணியில அடிப்பக்கம் கழுவி, காஞ்ச பிறகு பழைய ஆயிலைத் துணியில தொட்டு ஸ்டாண்டு, ஸ்விங் ஆர்ம், மட்கார்டு உள்பக்கம் லேசாப் பூசு. பிரேக் டிரம்முலயும் டயர்லயும் மட்டும் ஒரு சொட்டு படக்கூடாது.