கோசோ தீவில் ஒரு இரவாவது தங்குங்கள்

மத்தியதரைக் கடலில் உள்ள தீவு நாடான மால்டா போகிறவர்களில் பலர், அதன் சின்னத் தீவான கோசோவை ஒரே பகலில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது ஆதங்கம்தான். மாலைப் படகில் கூட்டம் கிளம்பிய பிறகுதான் அந்த ஊர் மக்களோடு நின்று பேச முடிகிறது.

மால்டாவின் பெரிய தீவின் வடமுனையில் உள்ள சிர்க்கெவ்வாவில் படகு ஏறினால் 25 நிமிடத்தில் கோசோவின் இம்ஜார் துறைமுகம். போகும்போது டிக்கெட் கேட்க மாட்டார்கள், திரும்பும்போதுதான் காசு. தீவே மொத்தம் 67 சதுர கிலோமீட்டர்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது வடகரையில் உள்ள ஷ்வெய்னி உப்பளம். கரையோரச் சுண்ணாம்புப் பாறையையே பாத்தி பாத்தியாகக் குடைந்திருக்கிறார்கள். கடல்நீர் வெயிலில் வற்றியதும் உப்பைத் துடைப்பத்தால் கூட்டிக் குவிக்கிறார்கள். அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பரம்பரைத் தொழிலாம். உப்பு விளையும் நேரத்தில் மழை வந்தால் அவ்வளவு பாடும் வீண் என்றார். கொஞ்சம் உப்பை அள்ளி என் கையில் வைத்து, சாப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். பாத்திகளுக்குள் இறங்காமல் வரப்பு மேலேயே நடங்கள். அது அவர்கள் பிழைப்பு.

துவெய்ரா கடற்கரையில் இருந்த ‘அஸ்யூர் விண்டோ’ என்ற பிரபலமான பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலில் விழுந்துவிட்டது. எங்களைக் குகை வழியாகக் கடலுக்குக் கூட்டிப்போன படகுக்காரர், அது நின்ற இடத்தைக் கையால் காட்டினார். இறந்துபோன சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவது போலவே இருந்தது.

ஷாராவில் உள்ள ஜகன்தீயா கோயில்கள் எகிப்தியப் பிரமிடுகளுக்கும் முந்தியவை, அவசியம் பாருங்கள். அப்புறம் விக்டோரியா நகரின் சித்தாதெல்லா கோட்டை. 1551-இல் ஒட்டோமான் படை இந்தத் தீவைச் சூறையாடி, ஏறக்குறைய 5,000 பேரை, அதாவது தீவின் பெரும்பாலான மக்களை, அடிமைகளாகப் பிடித்துப்போனது. அதன்பின் 1637 வரை தீவுவாசிகள் இரவில் கோட்டைக்குள்தான் தங்க வேண்டும் என்பது சட்டம். இதைத் தெரிந்துகொண்டு அந்த மதிலில் நின்று கடலைப் பாருங்கள், மனசு கனத்துப்போகும்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் அதிகம். மே அல்லது செப்டம்பர் கடைசி என்றால் நல்லது.