பழைய மடிக்கணினி: லினக்ஸ் போட்டு ஓட்டலாமா, வேறு வாங்கலாமா?

பாயான் லெப்பாஸ் டெக்னிஷன்

வணக்கம். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றன. அன்றிலிருந்து சொந்தக்காரர்கள், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள், மகளின் தோழிகள் என்று ஆளாளுக்கு என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "திரையில் என்னமோ எச்சரிக்கை வருகிறது, புதுசு வாங்கணுமா?" வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்று இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

என் வீட்டில் இருப்பது ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5 சில்லு உள்ள மடிக்கணினி. 2020 மார்ச்சில் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது மகளின் இணைய வகுப்புக்காக அவசரமாக வாங்கியது. ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்ட பழைய கணினி. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் சில்லுகளின் பட்டியல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்குகிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், 4 ஜிபி நினைவகம் வேண்டும். என் கணினியில் டிபிஎம் 2.0 இருக்கிறது, நினைவகம் 8 ஜிபி. இருந்தும் பட்டியலில் இல்லை. ஏழாம் தலைமுறையிலேயே ஐ7-7820எச்கியூ போன்ற சிலவற்றுக்கு இடம் இருக்கிறது, அதன் கூடப்பிறந்ததற்கு இல்லை. இது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் சில்லுகளைச் சோதிக்கும் ஆலையில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972இல் பினாங்கின் இந்த பாயான் லெப்பாஸில்தான் திறந்தது. எங்கள் அம்மா தலைமுறைப் பெண்கள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டிய ஊர் இது. ஒரு சில்லு வெளியே போவதற்குமுன் அதைச் சூடேற்றி, குளிரவைத்து, என்ன பாடு படுத்துவார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அப்படித் தேறி வந்தது எட்டு வருடத்தில் லேசில் சாகாது. சாவது ஹார்ட் டிஸ்க், பேட்டரி, விசிறி. மூன்றையும் மாற்றலாம்.

நான் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தை மாட்டினேன், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். மகள் கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் பாடம் பார்க்கிறாள். மனைவி வருமான வரிக்கான இ-ஃபைலிங்கை உலாவியில் முடித்துவிட்டாள். வங்கிக் கணக்கும் அதிலேயே. ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

செந்தூல் ஹெல்ப்டெஸ்க்

அண்ணே, உங்கள் வீட்டுக் கணினி நன்றாக ஓடுகிறது என்பதை அப்படியே நம்புகிறேன். உங்கள் வீட்டில் நீங்கள் இருக்கிறீர்களே! மற்ற வீடுகளில் யார் இருக்கிறார்கள்?

ரவாங்கில் என் பெரியப்பா மளிகைக்கடை வைத்திருக்கிறார். அவருடைய கணினியில் எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவன் நல்ல எண்ணத்தோடு லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். ஆறு மாதம் எந்தப் பிரச்சினையும் இல்லை. பிறகு அவனுக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்தது, போய்விட்டான். அதற்கு அடுத்த மாதம் பெரியப்பாவின் பிரிண்டர் கெட்டுப்போக, கடைக்காரர் சொன்னதை வாங்கி வந்தார். அதை லினக்ஸில் இயக்கும் மென்பொருள், அதாவது டிரைவர், கிடையாது. கணக்கர் அனுப்பிய சம்பளக் கோப்பில், பொத்தானை அழுத்தினால் தானாகக் கணக்குப் போடும் எக்செல் மேக்ரோ இருந்தது. லினக்ஸில் உள்ள லிப்ரே ஆபிஸில் திறந்தது, ஆனால் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. இரவு பத்தரைக்கு என்னைக் கூப்பிட்டு, "ம்மா, இதில் ஸ்டார்ட் எங்கே இருக்கு?" என்று கேட்டார். அவர் குரலில் இருந்த கூச்சம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. முப்பது வருடம் கடை நடத்தியவர், தன் சொந்த மேசையில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவரைக் கேட்க வேண்டியிருந்தது.

கடைசியில் லோயாட் கணினி அங்காடிக்கு அழைத்துப்போய், அலுவலகத்தில் ஓடிய எட்டாம் தலைமுறைக் கணினி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அதில் விண்டோஸ் 11 முறையாகவே ஏறியது.

இன்னொன்று. யாரும் பதறவே தேவையில்லை. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் உள்ள புதுப்பிப்புப் பக்கத்துக்குப் போய், நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பதிந்துகொள்ளலாம். 2026 அக்டோபர் 13 வரை வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் காசு கிடையாது. ஒத்திசைக்க வேண்டாமென்றால் 30 அமெரிக்க டாலர். இதைச் சொல்லாமல் நேராக லினக்ஸுக்கு இழுத்துப்போவது சரியில்லை அண்ணே.

பாயான் லெப்பாஸ் டெக்னிஷன்

பதிவு செய்வதை நான் சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். அது என் தவறு. ஆனால் தங்கச்சி, அது ஒரு வருடத் தவணைதானே? அது முடிந்ததும் அதே கேள்வியோடு அதே ஆட்கள் என் வாசலில் நிற்பார்கள்.

கிள்ளான் ரெண்டு பிள்ளை அப்பா

புதுசு வாங்குகிறவர்கள் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வாழ்க்கைமுறை வரி விலக்கு 2,500 ரிங்கிட்டுக்குள் கணினியும் வரும், தொழிலுக்குப் பயன்படுத்தாமல் இருந்தால். நான் அப்படித்தான் வாங்கினேன். பழையதை நோண்டிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

பிறை ஆசிரியை

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் நிலைமை கொஞ்சம் வேறு, இரண்டு பேரும் யோசித்துச் சொல்லுங்கள்.

தமிழ்ப்பள்ளியில் 26 வருடமாகக் கற்பிக்கிறேன். தொடக்கத்திலிருந்து நான் தயாரித்த தேர்வுத் தாள்கள், இலக்கணப் பயிற்சிகள், கட்டுரை மாதிரிகள் எல்லாம் கணினியில் இருக்கின்றன. ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் ரத்தானபிறகும் அந்தப் பயிற்சிகளைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். அவ்வளவு உழைப்பு அதில் இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால், பாதிக் கோப்புகள், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் முறை பரவுவதற்குமுன் தட்டச்சு செய்தவை. ஒன்று ஓர் எழுத்துருவில், இன்னொன்று வேறொன்றில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழே இருக்காது, ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டிக் கிடக்கும். போன வருடம் ஒரு கடையில் கணினியைச் சுத்தம் செய்யக் கொடுத்தேன், பழைய எழுத்துருக்களில் ஒன்றை அழித்துவிட்டார்கள். அதைத் திரும்பத் தேடி எடுக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

நான் தட்டச்சு செய்வது அஞ்சல் முறையில். அம்மா என்று வேண்டுமானால் ஒலியை வைத்து ஆங்கில எழுத்தில் அடிப்பேன். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் பழகிய கை இது. இனி வேறு பழகுவது கஷ்டம். என்னுடையதும் பழையதுதான், ஆறாம் தலைமுறைக் கணினி. லினக்ஸ் போட்டால் என் கோப்புகளும் என் விரல்களும் என்ன ஆகும்?

செந்தூல் ஹெல்ப்டெஸ்க்

டீச்சர், நீங்கள் எதையும் தொடாதீர்கள். தயவுசெய்து முதலில் விண்டோஸின் ஃபாண்ட்ஸ் கோப்புறையை அப்படியே ஒரு பென்டிரைவில் நகலெடுங்கள். கோப்புகளை இரண்டு இடத்தில் வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

அண்ணே, இதைத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உலாவி போதும் என்கிறீர்கள். நம் ஆட்களின் கணினிக்குள் 26 வருட உழைப்பு கிடக்கிறது. அது உலாவியில் இல்லை.

பாலிடெக்னிக் பையன்

அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் நான் அண்ணன் பக்கம். எஸ்பிஎம் தேர்வு முடித்த கையோடு மாமா கொடுத்த பழைய கணினியில் லினக்ஸ் போட்டேன். வைஃபை வேலை செய்யவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து, கைப்பேசியிலிருந்து யூஎஸ்பி வழியாக இணையம் எடுத்து, டிரைவரைத் தேடிப் போட்டேன். அந்த மூன்று நாளில் கற்றதை எந்த வகுப்பிலும் கற்கவில்லை. கோப்புக்கு யார் உரிமையாளர், எந்தச் சேவை ஏன் நின்றது, பிழைச்செய்தியை எப்படி வாசிப்பது, எல்லாம் அப்படி வந்ததுதான். உலகத்தில் பெரும்பாலான சர்வர்கள் லினக்ஸில் ஓடுகின்றன. சைபர்ஜெயாவிலும் ஜொகூரிலும் தரவு மையங்கள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. வீட்டில் சும்மா கிடக்கிற பழைய கணினி ஒரு பிள்ளைக்கு முதல் பட்டறையாகும். அதை ஏன் எடைக்குப் போட வேண்டும்?

செந்தூல் ஹெல்ப்டெஸ்க்

தம்பி, உனக்கு அது சரி. நீயாக விரும்பி உட்கார்ந்தாய், கெட்டாலும் இழப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. பெரியப்பாவுக்கு அந்த மூன்று நாள் கிடையாது, கடை திறக்க வேண்டும்.

வேலை என்று வந்ததால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் ஹெல்ப்டெஸ்க்கில் சேர்ந்து ஒன்பது வருடம். எனக்கு வருகிற அழைப்புகளில் பெரும்பாலானவை கடவுச்சொல் மறந்தது, பிரிண்டர், அவுட்லுக், பகிர்ந்த கோப்புறை. நிறுவனங்களில் பயனர் கணக்குகளை மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில் வைத்திருக்கிறார்கள். லினக்ஸ் மட்டும் தெரியும் என்று வந்த பையன்கள் முதல் மாதம் திணறியதைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் கற்றுக்கொள். அதைவிட முக்கியம், எதிர்முனையில் பதற்றத்தோடு பேசுகிறவரிடம் பொறுமையாகப் பேசக் கற்றுக்கொள். இந்த வேலையில் பாதி அதுதான்.

பாலிடெக்னிக் பையன்

கோபம் ஒன்றுமில்லை அக்கா. ஆக்டிவ் டைரக்டரி அடுத்த செமஸ்டரில் வருகிறது, குறித்துக்கொண்டேன்.

பாயான் லெப்பாஸ் டெக்னிஷன்

டீச்சருக்கு முதலில். லினக்ஸ் மின்ட்டைக் கணினியில் நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே இருக்கிற விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. எடுத்துவிட்டு மறுபடி திறந்தால் பழையபடி விண்டோஸ் வரும். உங்கள் எழுத்துருக்களை அதில் போட்டு, எந்தக் கோப்பு திறக்கிறது, எது உடைகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். தட்டச்சுக்கு ஐபஸ் என்று ஒன்று இருக்கிறது, அதில் தமிழ்99 விசைப்பலகை, ஒலிமுறை இரண்டுமே உண்டு. ஒலிமுறை அஞ்சலுக்கு நெருக்கமாக இருக்கும், ஆனால் சில எழுத்துகளுக்கு விசை மாறும். மறைக்காமல் சொல்கிறேன், முதல் வாரம் எரிச்சல் வரும்.

இப்போது செந்தூல் தங்கச்சிக்கு. பெரியப்பா கதை எனக்கு உறைத்தது. போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறவர்களில் நானும் ஒருவன்தான். போன வருடம் பட்டர்வொர்த்தில் மூன்று வீடுகளில் போட்டுக் கொடுத்தேன், அதில் ஒரு வீட்டுக்குப் பிறகு நான் போகவே இல்லை. இன்று கூப்பிட்டுக் கேட்டேன். அப்டேட் என்று வந்த எதையும் பயந்துகொண்டு அழுத்தாமலே விட்டிருக்கிறார்கள். பாதுகாப்புக்காக என்று மாற்றிவிட்டு, பாதுகாப்பில்லாமல் ஓட்டியிருக்கிறார்கள். அதை நான் சரி செய்துவிடுகிறேன்.

ஆனால் உங்கள் வழியிலும் எனக்கு ஒரு கேள்வி. அந்த எட்டாம் தலைமுறைக் கணினியை வாங்கியதும் பெரியப்பாவின் பழையது எங்கே போனது? ஆலையில் மின்னணுக் கழிவுக்கு எஸ்டபிள்யூ110 என்று தனி எண் உண்டு. சட்டத்தின் அட்டவணையில் வரும் கழிவு அது, எடை போட்டு, பதிந்து, உரிமம் உள்ளவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அதே மின்சுற்றுப் பலகை வீட்டில் இருந்தால் பழைய இரும்பு லோரிக்காரரிடம் போய்விடுகிறது. ஈயமும் செம்புமாக எங்கேயோ எரிக்கிறார்கள். அந்தப் பலகைகளைக் கையில் பிடித்து வேலை பார்த்தவனுக்கு இது சாதாரணமாகத் தெரியவில்லை. விலையும் பாருங்கள். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறியது. வேறு வாங்கு என்று சொல்வது எல்லார் வீட்டிலும் செல்லாது.

செந்தூல் ஹெல்ப்டெஸ்க்

பழையது பெரியப்பாவின் அலமாரிக்கு மேலே இருக்கிறது, தூசி படிந்து. அது என் தவறுதான். பாலிடெக்னிக் தம்பிக்கு வேண்டுமென்றால் அடுத்த முறை ரவாங் போகும்போது எடுத்து வருகிறேன்.

ஆனாலும் என் கருத்து மாறவில்லை. போட்டுக் கொடுப்பவர் அடுத்த இரண்டு வருடத்துக்குக் கூப்பிட்டால் வருவேன் என்று உறுதி சொல்ல முடிந்தால் போடுங்கள். முடியாவிட்டால் அவர்களுக்குப் பழகியதிலேயே விடுங்கள். பயந்து போய் எதையும் தொடாமல் இருக்கிற கணினியைவிட ஆபத்தானதை என் ஒன்பது வருடத்தில் பார்த்ததில்லை.

பாயான் லெப்பாஸ் டெக்னிஷன்

இரண்டு வருடம் வருவேன். டீச்சர், சனிக்கிழமை காலை ஃபெர்ரியில் அந்தப் பக்கம் வருகிறேன், பசியாறிவிட்டு நேராக வீட்டுக்கு வரலாமா?

பிறை ஆசிரியை

அண்ணன் சனிக்கிழமை வந்துவிட்டுப் போனார். நடந்ததை எழுதுகிறேன், என்னைப்போல் இருப்பவர்களுக்கு உதவும்.

பென்டிரைவிலிருந்து லினக்ஸ் ஓடியது, வேகமாகவே ஓடியது. என் கோப்புகளில் மூன்று வகை எழுத்துரு இருந்தது. இரண்டு வகை லிப்ரே ஆபிஸில் அழகாகத் திறந்தன. மூன்றாவதில் சில எழுத்துகள் கட்டங்களாக வந்தன, அண்ணன் இரண்டு மணி நேரம் பார்த்தும் சரியாகவில்லை. ஒலிமுறையில் ஒரு பக்கம் தட்டச்சு செய்தேன், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. அதனால் இப்போதைக்கு நிறுவவில்லை. நீட்டித்த புதுப்பிப்புக்கு அவரே பதிந்து கொடுத்தார், ஃபாண்ட்ஸ் கோப்புறையை இரண்டு பென்டிரைவில் எடுத்து வைத்தார். அக்டோபருக்குள் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் பிறகு எந்தக் கணினியானாலும் கவலையில்லை என்றார்.

செந்தூல் ஹெல்ப்டெஸ்க்

டீச்சர், மாற்றிய கோப்பை மூலக் கோப்பின்மேல் சேமிக்காதீர்கள். வேறு பெயரில் வையுங்கள்.

பிறை ஆசிரியை

அப்படித்தான் செய்கிறேன்மா. தினமும் இரவு பத்துக் கோப்பு. இதுவரை 70 முடிந்தது. கொ, கோ வருகிற இடங்களில் மட்டும் கொம்பு தனியாகக் கழன்று நிற்கிறது, அதைக் கையால் திருத்திக்கொண்டு வருகிறேன்.