2,300 மீட்டரில் ஒரு ஸ்கிப்பர்: ககாலியேயா, ஆண்ட்ரோமிடேயா?

மலைநடை:
ஜூலையில் சுவிஸ் ஆல்ப்ஸில் எடுத்த, ஸ்கிப்பர் வகை வண்ணத்துப்பூச்சி ஒன்றின் இரண்டு படங்கள். ஒன்றில் இறகு விரித்திருக்கிறது, மற்றதில் மூடியிருக்கிறது. ஓடைக்கரை ஈரமண்ணை உறிஞ்சிக்கொண்டிருந்தது. இறகின் மேற்பக்கத்தில் புள்ளிகள் பொடிப்பொடியாக இருப்பதால் பைர்கஸ் ககாலியே என்ற இனமாகக் குறித்துவிட்டேன். அந்த உயரத்தில் வேறென்ன இருக்கப்போகிறது?

செதில்:
உயரத்தை வைத்துப் பெயர் வைக்காதீர்கள். பைர்கஸ் ஆண்ட்ரோமிடேயும் அங்கேதான் பறக்கும். மூடிய படத்தைப் பெரிதாக்குங்கள். பின்னிறகின் அடிப்பக்கத்தில், உள்விளிம்புப் பக்கமாக ஒரு வெள்ளைக் கோடு, அதையடுத்து ஒரு வட்டப் புள்ளி. ஆச்சரியக்குறியேதான்! ககாலியேவில் இது இருக்காது. போதாததற்குப் படத்தின் ஓரத்தில் டிரயாஸ் பூத்திருக்கிறது, எட்டு இதழ் வெள்ளைப்பூ. ஆண்ட்ரோமிடேயின் புழு தின்னும் செடி.

மலைநடை:
கோடு தெரிகிறது. புள்ளி என்று நீங்கள் சொல்வது எனக்கு இறகுச் செதில் உதிர்ந்த இடமாகப் படுகிறது. டிரயாஸ் கதையை விடுங்கள். தண்ணீர் குடிக்க வந்த பூச்சி எங்கே முட்டையிலிருந்து வந்தது என்று பக்கத்துப் பூவா சாட்சி சொல்லும்?

ஓடைக்கல்:
இருவருக்கும் ஒரு வார்த்தை. பைர்கஸ் பேரினத்து இனங்களைப் படத்தில் பிரிப்பது தலைவலி. ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் சந்தேகம் தீரும். 'பைர்கஸ், இனம் உறுதியில்லை' என்று போடுங்கள்.

செதில்:
எல்லாவற்றுக்கும் இதே பதிலா? பைர்கஸ் அல்வியஸும் அதைப் போலவே இருக்கும் இனங்களும் சேர்ந்த கூட்டத்தில் நீங்கள் சொல்வது சரி. இங்கே கேள்வி இரண்டு இனங்களுக்கு நடுவில்தான், அதற்கு ஆச்சரியக்குறி போதும். செடி விஷயத்தில் மலைநடை சொல்வதை ஏற்கிறேன், அது துணைச் சான்றுதான். அந்தப் பூச்சியை வேறு கோணத்தில் எடுத்தீர்களா?

மலைநடை:
தொடர்ச்சியாக எடுத்ததில் மங்கலான இன்னொன்று கிடைத்தது. இப்போதுதான் ஏற்றினேன். வெளிச்சம் வேறு பக்கமிருந்து விழுகிறது, புள்ளி அப்படியே வட்டமாக நிற்கிறது. உதிர்ந்த இடமில்லை. சரி, ஆண்ட்ரோமிடே என்று மாற்றுகிறேன்.

ஓடைக்கல்:
பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுவிடுங்கள்.

செதில்:
பூச்சியே ஆச்சரியக்குறி போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, ஐயா!