மடகாஸ்கர் தாய்வழி டிஎன்ஏ: 9 எழுத்து குறைந்தால் மட்டும் போதுமா? (அனுபவப் பகிர்வு)

மடகாஸ்கர் மாதிரிகளை எடுப்பவர்களுக்கு முதலில் இது. தாயிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் 8281 முதல் 8289 வரையிலான இடங்களில் 9 எழுத்து விடுபட்டிருந்தால் உடனே 'இந்தோனேசிய வழி' என்று குறித்துவிடாதீர்கள். ஆசியாவின் பி4 என்ற தாய்வழிக் கிளையில் இந்த விடுபடல் உண்டு. ஆப்பிரிக்காவின் எல்0ஏ2 கிளையிலும் தனியாக நடந்த மாற்றத்தால் அதே விடுபடல் உண்டு. அந்தத் தீவில் இரு கிளையும் உண்டு. டிஎன்ஏ துண்டுகளை நீளப்படி பிரிக்கும் ஜெல்லில் இரண்டும் ஒரே இடத்தில்தான் நிற்கும்.

ஜெல்லையும் கவனியுங்கள். சுமார் 120 எழுத்துள்ள துண்டில் 9 குறைவதை 1 சதவீத அகரோஸ் (ஜெல் செய்யும் பொருள்) காட்டாது. 3 அல்லது 4 சதவீதம் போட்டு மெதுவாக ஓட்டுங்கள். குறையுள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று எனத் தெரிந்த மாதிரிகள் பக்கத்துக் குழிகளில் கட்டாயம் இருக்க வேண்டும்.

---

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பி4இன் ஓர் உட்கிளையைக் காட்டும் பாலினேசிய அடையாளம் என்பது 16189, 16217, 16247, 16261 ஆகிய நான்கு இடங்களின் மாற்றம். முதல் இடத்திலேயே சிக்கல். 16189இல் டி போய் சி வந்ததும் 16184 முதல் 16193 வரை வெறும் சி வரிசையாகிவிடுகிறது. டிஎன்ஏவைப் பிரதியெடுக்கும் நொதி அங்கே வழுக்கி, வெவ்வேறு நீளப் பிரதிகள் கலந்துவிடும். அதற்குப் பிறகு எழுத்துகளைப் படிக்கும் கருவியின் வரைபடத்தில் சிகரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். நமக்கு வேண்டிய மற்ற மூன்றும் அதற்கு அப்பால்தான் இருக்கின்றன! எனவே 16400 பக்கத்திலிருந்து எதிர்த்திசை பிரைமரால் (படிப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) படியுங்கள்; சி வரிசையை எட்டுமுன் மூன்றும் கிடைத்துவிடும். எத்தனை சி என்று எண்ணி அதை வைத்துக் கிளை பிரிக்க வேண்டாம்.

---

16247ஐ அதிகம் நம்பாதீர்கள் தோழர்களே. அது அடிக்கடி பழைய நிலைக்கே திரும்பும் இடம் என்று மரபியல் ஆய்வாளர்கள் டக்கனும் ஸ்டோன்கிங்கும் 2013இல் காட்டினார்கள். அது இல்லை என்பதற்காக 'மூத்த கிளை' என்று முடிவுகட்டினால் காலக்கணக்கே புரண்டுவிடும். அதற்குப் பதில் இதே கிளையைக் காட்டும் 14022ஆம் இடத்தின் மாற்றத்தைப் பாருங்கள். மடகாஸ்கருக்கே உரிய அடையாளம் 1473, 3423 ஆகிய இடங்களின் மாற்றம். இவை வழக்கமாகப் படிக்கும் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வெளியே இருப்பதால் 16,569 எழுத்தையும் படிப்பதே உத்தமம்.

---

பழைய எலும்பு என்றால் எச்சரிக்கை கூடுதல். வெப்பத் தீவுகளில் டிஎன்ஏ சீக்கிரம் சிதையும். காதெலும்பின் கெட்டியான பகுதியில்தான் நம்பிக்கை. பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் தேயூமாவில் கிடைத்த, அங்கே முதலில் குடியேறிய லப்பிட்டா பண்பாட்டுக் காலத்தவரின் மரபணுவை 2016இல் படிக்க முடிந்ததும் அதிலிருந்துதான்.

சிதைவு சியை டியாகக் காட்டும். 16261இன் மாற்றமும் சி போய் டி வருவதே! துண்டுகளின் முனையில் மட்டும் டி தெரிந்தால் அது சிதைவாக இருக்கலாம். முனைகளில் இரண்டு மூன்று எழுத்தை வெட்டிவிட்டுத் திரும்ப எண்ணுங்கள். மற்ற மூன்று மாற்றங்களும் சிதைவின் சாயலில் இல்லாததால் அவற்றுக்கே எடை அதிகம்.

---

கடைசியாக அந்த '30 பெண்கள்' கணக்கு. மரபியலாளர் மர்ரே காக்ஸின் குழு 2012இல் சொன்னது: மடகாஸ்கரில் சுமார் 1200 ஆண்டுகளுக்கு முன் குடியேறியவர்களில் ஏறக்குறைய 30 பெண்களின் வழி இன்றுவரை வந்திருக்கிறது, அதில் பெரும்பகுதி இந்தோனேசிய வழி. படகில் 30 பேர்தான் வந்தார்கள் என்பது இதன் பொருளல்ல. மகளில்லாமல் போனவளின் வழி இந்தக் கணக்கில் வராது. ஆண்களும் வரமாட்டார்கள். பாலினேசியாவில் தாய்வழியில் சுமார் 94 சதவீதம் ஆசியா. தந்தைவழியிலோ சுமார் 66 சதவீதம் மெலனேசியா. தந்தைவழியைக் காட்டும் ஒய் குரோமோசோமையும் பார்க்காமல் 'இந்த மக்கள் இங்கிருந்து வந்தார்கள்' என்று எழுத வேண்டாம்; 'இந்தத் தாய்வழி இங்கிருந்து வந்தது' என்று மட்டும் எழுதுங்கள்.