தனுஷ்கோடில எடுத்த ரெண்டு 120 ஃபிலிம் ரோலும் சரியா வரல, யாஷிகா மேட் ஃபிலிம் கேமராவுல என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்க உதவி பண்ணுங்க

கடற்கரைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு மாசம் முன்னாடி ஒரு யாஷிகா மேட் 124ஜி செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். லென்ஸ்ல பூஞ்சை இல்ல, ஷட்டர் எல்லா ஸ்பீடும் காதுக்கு சரியா தான் கேக்குது. டிஜிட்டல்ல பல வருஷமா லேண்ட்ஸ்கேப் எடுக்கறேன், ஆனா ஃபிலிம்ல 6×6 சென்டிமீட்டர் சதுரத்துல எடுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. போன மாசம் அம்மாவ கூட்டிக்கிட்டு ராமேஸ்வரம் போயிட்டு மறுநாள் காலைல தனுஷ்கோடி போனோம். அம்மாவோட அப்பா 64 புயலுக்கு முன்னாடி அங்க கருவாடு யாவாரத்துக்கு போய் வந்தவர், அதனால அந்த இடிஞ்ச சர்ச் முன்னாடி அம்மாவ நிக்க வச்சு எடுக்கணும்னு தான் கேமராவையே தூக்கிட்டு போனேன்.

ரெண்டு ரோல். மொதல்ல போர்ட்ரா 400 கலர் ஃபிலிம், அரிச்சல்முனைல. அடுத்தது ஹெச்பி5 பிளாக் அண்ட் வொயிட் ஃபிலிம், சர்ச் பக்கமும் பழைய ஸ்டேஷன் பக்கமும். கலர்ல ரெண்டு ஓரத்துலயும் ஆரஞ்சும் வெள்ளையுமா அலை மாதிரி புகை. பிளாக் அண்ட் வொயிட்ல புகையே இல்ல, ஆனா 12 ஃப்ரேமும் நெகட்டிவ்ல ரொம்ப மெலிசு, அதாவது வெளிறி கிடக்கு, அம்மா முகம் கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல, ஸ்கேன்ல சாம்பல் பூசின மாதிரி ஒரே கிரெயின். லேப்ல டெவலப்பிங்ல தப்பு பண்ணிட்டாங்களா, இல்ல கேமரா பின் கதவுல லைட் லீக்கா? ரிப்பேருக்கு அனுப்பணுமா?

நெல்லை ஃபிலிம்:
தம்பி ரிப்பேர் எல்லாம் அப்புறம், மொதல்ல ஸ்கேன மூடி வச்சிட்டு நெகட்டிவ ஜன்னல் வெளிச்சத்துல தூக்கி பாருங்க. ஹெச்பி5 ஓரத்துல ஃபிலிம் பேரும் நம்பரும் அச்சடிச்சிருக்கும்ல, அது நல்லா கருப்பா தெளிவா இருக்கா இல்ல அதுவும் வெளிறி கிடக்கா? அந்த எழுத்து ஃபேக்டரில எக்ஸ்போஸ் பண்ணது, உங்க கேமராவுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. அது கருப்பா இருந்து படம் மட்டும் மெலிசுன்னா லேப் மேல தப்பு இல்ல, வெளிச்சம் தான் பத்தல. ரெண்டுமே வெளிறியிருந்தா தான் டெவலப்பிங்ல சந்தேகப்படணும்.

மொட்டைமாடி டார்க்ரூம்:
நான் கலர் ரோல பத்தி கேக்கறேன். புகை படத்துக்குள்ள மட்டும் இருக்கா, இல்ல படத்த தாண்டி ஃபிலிமோட விளிம்பு வரைக்கும் போகுதா? எந்த எந்த ஃப்ரேம்ல அதிகம்? இது ரெண்டும் ரொம்ப முக்கியம் தம்பி, பாத்து சொல்லுங்க. லென்ஸ் வழியா வந்த ஃப்ளேர்னா, அதாவது லென்ஸ்ல வெளிச்சம் பட்டு சிதறி வர்ற புகைன்னா, படத்தோட சதுரத்துக்குள்ளயே நின்னுடும், ஏன்னா வெளி ஓரத்த கேமராவோட சட்டம் மறைச்சிருக்கு.

கடற்கரைக்காரன்:
பாத்துட்டேன் அக்கா. விளிம்பு வரைக்கும் போகுது, ரெண்டு பக்கமும். 1ல இருந்து 5 வரைக்கும் கிட்டத்தட்ட சுத்தம், 8ல லேசா ஆரம்பிக்குது, 11, 12 ரொம்ப மோசம். அண்ணா, ஹெச்பி5 எழுத்து நல்ல கருப்பா தான் இருக்கு.

மொட்டைமாடி டார்க்ரூம்:
அப்போ கதவு இல்ல. கதவுல ஓட்டைன்னா அனேகமா ஒவ்வொரு ஃப்ரேமிலயும் ஒரே இடத்துல கோடு விழும், அடுத்த ரோல்லயும் விழுந்திருக்கும். இது ரோல் தளர்வா சுத்தினதால வந்தது. 120ல டப்பா கிடையாது, பேக்கிங் பேப்பர் மட்டும் தான் காவல், அது ஸ்பூல்ல இறுக்கமா உக்காந்தா தான் ஓரத்துல வெளிச்சம் நுழையாது. எடுத்து முடிச்ச ரோல்ல 1 உள்ள போயிடும், 12 வெளிப்பக்கம் இருக்கும். உங்களுக்கு 12ல அதிகம்னா ரோல வெளிய எடுத்ததுக்கு அப்புறம் தான் வெளிச்சம் பட்டிருக்கு. லோடு பண்றப்பவே பட்டிருந்தா 1, 2 தான் பாழாயிருக்கும். ரோல எடுத்து எங்க வச்சீங்க?

கடற்கரைக்காரன்:
அக்கா அப்படியே நேர்ல பாத்த மாதிரி சொல்றீங்க. கதவ திறந்தப்போவே ரோல் கொஞ்சம் பருமனா பொதபொதன்னு இருந்துச்சு, ஓரத்துல ஃபிலிம் லேசா தெரிஞ்ச மாதிரி கூட இருந்துச்சு, நான் நாக்குல ஈரம் பண்ணி ஒட்டிட்டு வேன் டேஷ்போர்டு மேல வச்சேன், நல்ல வெயில், அரை மணி நேரம் அங்கயே இருந்துச்சு. லோடு பண்ணதும் வெட்டவெளில தான், அங்க நிழலே இல்ல.

மொட்டைமாடி டார்க்ரூம்:
அவ்ளோ தான் விஷயம். இனிமே லோடு பண்றப்போ கீழ இருக்கற ரோல கட்டை விரலால லேசா அழுத்தி பிடிச்சுக்கிட்டே அம்புக்குறி ஸ்டார்ட் மார்க்குக்கு வர்ற வரைக்கும் சுத்துங்க, ஆரம்பம் இறுக்கமா இருந்தா மீதியும் ஒழுங்கா வரும். நிழல் இல்லேன்னா வெயிலுக்கு முதுக காட்டி உங்க நிழல்லயே பண்ணுங்க. பருமனா வந்த ரோல வெளிய எடுத்த உடனே கருப்பு கவர்லயோ அலுமினிய ஃபாயில்லயோ சுத்தி பைக்குள்ள போட்டுடணும். தளர்ந்து போச்சேன்னு முறுக்கி இறுக்க பாக்காதீங்க, கீறல் விழும். அப்புறம் பின் பக்கம் ஃபிலிம அழுத்தி பிடிக்கற பிரஷர் பிளேட்ட ஒரு தடவ பாத்துக்கங்க, 124ஜில 120க்கும் 220க்கும் (ரெண்டு மடங்கு நீளமான ரோல்) தனித்தனி பொசிஷன், கவுண்டர் பக்கத்துல 12னு காட்டணும், 24 இல்ல.

சதுரக்கட்டம்:
ஹெச்பி5 மெலிசுக்கு வருவோம் ப்ரோ. மீட்டர்ல என்ன பேட்டரி? சர்ச்ல வானம் கருப்பா மேகம் எழும்பி தெரியணும்னு ஆரஞ்சு ஃபில்டர் எதாவது போட்டீங்களா?

கடற்கரைக்காரன்:
பேட்டரி வாட்ச் கடைல கிடைச்ச ஆல்கலைன். ஃபில்டர் ஆமா, ஆரஞ்சு, இந்த கேமராவுக்குன்னே பே 1 சைஸ்ல தேடி வாங்கினேன். ஹெச்பி5 முழுக்க அதோட தான் எடுத்தேன். மீட்டர் முள்ள ஒவ்வொரு தடவையும் சரியா ஒட்ட வச்சு தான் எடுத்தேன்.

சதுரக்கட்டம்:
அங்க தான் ப்ரோ. டிஜிட்டல்ல லென்ஸ் வழியா அளக்கும், ஃபில்டர் போட்டா கேமராவே பாத்துக்கும், அந்த பழக்கம் கைல இருக்கு. 124ஜியோட மீட்டர் முன்னாடி தனி கண்ணு, ஃபில்டர் மாட்டினது அதுக்கு தெரியவே தெரியாது. ஆரஞ்சுக்கு 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) நீங்க தான் கூட்டணும், மஞ்சளுக்கு 1, சிவப்புக்கு 3. மீட்டர் 1/250 எஃப் 16 காட்டினா நீங்க 1/60 எஃப் 16ல எடுத்திருக்கணும். அடுத்தது பேட்டரி, இது 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரிக்கு செஞ்ச மீட்டர், அது இப்ப கிடைக்காது, 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டா முள்ளு கூட ஏறும், வெளிச்சம் நிறைய இருக்குன்னு ஏமாந்து குறைவா எக்ஸ்போஸ் பண்ணுவோம், என் கேமராவுல கிட்டத்தட்ட 1 ஸ்டாப் வித்தியாசம். காது மெஷின்ல போடற 675 ஜிங்க் ஏர் பேட்டரி கிட்டத்தட்ட அந்த வோல்ட்டுக்கு வரும், சுத்தி ஒரு சின்ன வளையம் வச்சா உக்காரும், ஆனா ஸ்டிக்கர் உரிச்சா சில வாரம் தான்.

நெல்லை ஃபிலிம்:
மூணாவது ஒண்ணு இருக்கு தம்பி, அந்த மணல். பளீர்னு வெள்ள மணல், மேல வானம், ரெண்டு பக்கமும் கடல் மின்னுது, மீட்டர் அத்தனையையும் சேத்து நடுத்தர சாம்பலாக்க பாக்கும். அதுல வெயிலுக்கு முதுகு காட்டி நிக்கற அம்மா முகம் எப்படி வரும்? நெகட்டிவ் ஃபிலிம்ல நிழலுக்கு தான் அளக்கணும். அம்மா கிட்ட போய் முகத்துக்கு நேரா கேமராவ பிடிச்சு அளந்துட்டு பின்னாடி வந்து எடுங்க. மணல் கொஞ்சம் வெளுத்தாலும் பரவால்ல, ஹெச்பி5 தாங்கும்.

2017ல ரோடு வர்றதுக்கு முன்னாடி நாங்க வேன்ல மணல் மேலயே குலுங்கி குலுங்கி போவோம், ஒரு பக்கம் அமைதியா கிடக்கற பெண்கடல், இன்னொரு பக்கம் சத்தம் போடற ஆண்கடல், நடுவுல அந்த சர்ச் சுவரு. அந்த இடத்துக்கு சதுரம் அவ்ளோ பொருந்தும். நீங்க போட்ட ஸ்கேன்ல 7வது ஃப்ரேம், ஜன்னல் ஓட்ட வழியா கடல் தெரியறது, எக்ஸ்போஷர் தப்பா இருந்தாலும் எனக்கு கண்ண எடுக்க முடியல. கட்டம் கட்டற கண்ணு உங்களுக்கு நல்லாவே இருக்கு.

கடற்கரைக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணா. 7ல தொடுவானம் சாய்ஞ்சிருக்கே, மேல இருந்து குனிஞ்சு பாக்கற கண்ணாடில இடவலம் மாறி தெரியறதால நேராக்க போனா எதிர்ப்பக்கம் போகுது. அதோட முன்னாடி கல்லு ஷார்ப், கடல் லேசா கலங்கல்.

சதுரக்கட்டம்:
சாய்வுக்கு ட்ரைபாட்ல ஒரு குட்டி ரசமட்டம் வச்சுக்கங்க, இல்ல கண்ணாடில இருக்கற கட்டக்கோட்ட தொடுவானத்தோட ஒட்டுங்க. ஷார்ப்புக்கு, 80 எம்எம் லென்ஸ் எஃப் 16ல சுமார் 8 மீட்டர்ல ஃபோகஸ் வச்சா 4 மீட்டர்ல இருந்து கடைசி வரைக்கும் கிடைக்கும். பக்கத்து கல்லுக்கு ஃபோகஸ் வச்சா கடல் போயிடும்.

கடற்கரைக்காரன்:
மூணு வாரம் கழிச்சு வர்றேன். 675 பேட்டரி போட்டு மொட்டை மாடில ஒரு ஹெச்பி5 ஓட்டினேன், தண்ணி டேங்க், துணிக்கொடி, அம்மா. ஃபில்டர் இல்லாம 4, ஃபில்டர் போட்டு கூட்டாம 4, 2 ஸ்டாப் கூட்டி 4. நடு நாலு மட்டும் அச்சு அசலா தனுஷ்கோடி நெகட்டிவ் மாதிரியே மெலிசு, மத்த எட்டும் அருமை, அம்மா புடவைல மடிப்பு மடிப்பா தெரியுது. ரோலும் இறுக்கமா வந்துச்சு, ஓரம் சுத்தம். லேப்ல சந்தேகப்பட்டதுக்கு மனசு கஷ்டமா இருக்கு, போன் பண்ணி சொல்லிட்டேன். பழைய 7வது ஃப்ரேம எதாவது பண்ணி காப்பாத்த முடியுமா?

மொட்டைமாடி டார்க்ரூம்:
நிழல்ல ஃபிலிம் வாங்காதத யாராலயும் கொண்டு வர முடியாது தம்பி, ஆனா 7ல சுவரும் கடலும் பதிஞ்சிருக்கு, கிரேடு 5ல (கான்ட்ராஸ்ட் ரொம்ப கூடுதலா) பிரிண்ட் போட்டா நல்லாவே நிக்கும்னு தோணுது. நெகட்டிவ வெட்டாம அப்படியே ஸ்லீவோட ரெண்டு அட்டைக்கு நடுவுல வச்சு அனுப்புங்க, 8×8 இன்ச்ல ஒண்ணு போட்டு பாக்கறேன்.

கடற்கரைக்காரன்:
நாளைக்கே அனுப்பறேன் அக்கா. அம்மா ஜனவரில மறுபடி போலாம்னு சொல்றாங்க, அதே புடவைல தான் வருவேன்னும் சொல்லிட்டாங்க.