ராணுவ மருத்துவமனையில் பிரிவுத் தலைவர் பதவி: ஏற்கலாமா, வேண்டாமா?

கடலோரம் (டர்பன், தென்னாப்பிரிக்கா):

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாளும் படிப்பதோடு சரி, இன்றுதான் எழுதுகிறேன். நான் பொது மருத்துவ நிபுணர், அரசு மருத்துவமனையில் 11 வருடமாக வேலை. இரண்டு வருடமாக வாரம் ஒரு நாள் ஒரு ராணுவ மருத்துவமனைக்கும் (பெயர் வேண்டாமே) போய் முன்னாள் படைவீரர்களின் ஓ.பி. பார்த்து வருகிறேன். இப்போது அங்கேயே பிரிவுத் தலைவராக வரச் சொல்கிறார்கள். சீருடை கிடையாது, சிவிலியன் பதவி.

போன மாதம் ஒரு தாத்தா வந்தார். எழுபதைத் தாண்டியவர், அந்தக் காலத்தில் நிறவெறி அரசை எதிர்த்துப் போராடிய ஏ.என்.சி. கட்சியின் ஆயுதப் படையான உம்கொண்டோ வி சிஸ்வேயில் இருந்தவர். பெயரைக் கேட்டால் முதலில் படை எண்ணைச் சொல்கிறார், பெயர் அப்புறம்தான் வருகிறது. மடியில் ரப்பர் பேண்ட் போட்ட பழுப்பு உறை, அதற்குள் பத்து வருடக் காகிதம். சர்க்கரை 19 (இங்கே மில்லிமோல் கணக்கு, ரொம்ப அதிகம்). மாத்திரை மூன்று மாதமாக வாங்கவில்லையாம். ஏன் என்று துருவினால், ரிப்பீட் சீட்டுக்கு மேலே ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம், அந்த மேலே இருப்பவரின் பதவி காலியாம். அந்தக் காலி நாற்காலியில்தான் என்னை உட்காரச் சொல்கிறார்கள்.

அதனால் ஒரேயடியாக மறுக்கவும் மனம் வரவில்லை. ஆனால் நான் நோயாளி பார்க்கப் படித்தவள், ரோஸ்டர் போடப் படித்தவள் இல்லை. ரேங்க் உள்ளவர்கள் நடுவில் ரேங்க் இல்லாத தலைவரின் பேச்சு எடுபடுமா? கமியூட்டட் ஓவர்டைம் (அரசு டாக்டருக்கு மாதாமாதம் சேர்த்துத் தரும் கூடுதல் நேரச் சம்பளம்) என்ன ஆகும் என்பது தனிக் கவலை, வீட்டுக் கடன் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற மேட்ரன் (பீட்டர்மரிட்ஸ்பர்க்):

டாக்டரம்மா, 22 வருடம் பிரவுன்ஸ் (ராணுவச் சீருடை) போட்டவள் சொல்கிறேன், கேட்டுக்கொள். நம் நாட்டில் ராணுவ மருத்துவ சேவை என்பது தரைப்படைக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் இலாகா இல்லை. 1979-லிருந்து அது தனிப் படைப்பிரிவு, தரை, வான், கடலுக்கு அடுத்தபடியாக நான்காவது. தலைமையில் சர்ஜன் ஜெனரல். ஆகவே உனக்கு மேலே இரண்டு கயிறு இருக்கும். ஒன்று கட்டளைக் கயிறு. மருத்துவமனையின் கமாண்டிங் ஆபீசர் டாக்டராகவும் இருக்கலாம், நர்ஸாகவும் இருக்கலாம், அது உன் கையில் இல்லை. இன்னொன்று தொழில் கயிறு, நோயாளிக்கு என்ன சிகிச்சை என்பது. இரண்டும் ஒரே பக்கம் இழுக்கிற வரைக்கும் தொல்லையில்லை.

நான் வார்டில் இருந்த காலத்தில் ஒரு கர்னல் தன் தாயாருக்கு ஐ.சி.யூ. படுக்கை வேண்டும் என்று வாசலில் வந்து நின்றார். அந்த அம்மாவுக்கு ஐ.சி.யூ. தேவையே இல்லை. டியூட்டி டாக்டர் கேப்டன்தான், பையனுக்கு வியர்த்து ஊற்றியது. பிரிவுத் தலைவர் சிவிலியன், முழங்கையில் ஓட்டை விழுந்த சாம்பல் ஸ்வெட்டர் போட்ட மனிதர். வந்தார், பெட் சார்ட்டைக் கையில் எடுத்தார், "சார், இதில் ரேங்க் எழுதக் கட்டம் இல்லையே" என்றார். அவ்வளவுதான். கர்னலுக்கு அவரை மிரட்ட ஒரு வழியும் இல்லை, ஏனென்றால் பறிக்க ரேங்க்கே இல்லை. நீ குறை என்று நினைப்பதுதான் அங்கே உனக்குக் கேடயம்.

ஒன்று மட்டும். நர்சிங் தலைவியைப் பகைத்துக்கொள்ளாதே. ரோஸ்டர், படுக்கை, ஸ்டோர் சாவி எல்லாம் அவள் கையில்.

ஃபீனிக்ஸ்காரன் (இப்போது ஒஹாயோ):

டர்பன் பக்கத்து நம்ம ஃபீனிக்ஸில் பிறந்து வளர்ந்தவன், டர்பனில்தான் எம்.பி.சி.எச்.பி. மருத்துவப் பட்டம். இப்போது அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் இருக்கிறேன். இங்கே அமைப்பு வேறு மாதிரி. மருத்துவமனை ஒவ்வொன்றுக்கும் ஒரு டைரக்டர், பெரும்பாலும் நிர்வாகம் படித்தவர். அவருக்குக் கீழே சீஃப் ஆஃப் ஸ்டாஃப் என்று ஒருவர், அவர் டாக்டர்தான். எந்த டாக்டருக்கு எந்தச் சிகிச்சை செய்ய அனுமதி, தரம், மருத்துவக் கல்லூரியோடு உறவு எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்குச் சமமாக நர்சிங் தலைவர். மேட்ரன் அம்மா சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்தும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பழைய கதை உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் 1945-ல் ஜெனரல் ஓமர் பிராட்லியிடம் இந்தத் துறையைக் கொடுத்தார்கள். அவர் மருத்துவப் பக்கத்தை பால் ஹாலி என்ற ராணுவ டாக்டரிடம் விட்டார். 1946 தொடக்கத்தில் வந்த சட்டத்தால் டாக்டர்களைச் சாதாரண அரசுப் பணி விதிகளுக்கு வெளியே எடுக்க முடிந்தது, மருத்துவமனைகளையும் கல்லூரிகளோடு இணைத்தார்கள். அப்புறம் 1994-ல் கென்னத் கைசர் என்ற டாக்டர் தலைமைக்கு வந்து எல்லாவற்றையும் 22 வட்டாரங்களாகப் பிரித்தார், படுக்கையை நம்பி ஓடிய அமைப்பை ஓ.பி. பக்கம் திருப்பினார். டாக்டர் தலைமை என்றால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இங்கே எல்லோரும் காட்டுவது அவரைத்தான்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2014-ல் ஃபீனிக்ஸ் விவகாரம் வெடித்தது (அரிசோனா ஃபீனிக்ஸ், நம்ம ஊர் இல்லை, அம்மா பயந்துபோய் ஃபோன் செய்தாள்). 14 நாளுக்குள் அப்பாயின்ட்மென்ட் என்று இலக்கு, அதைத் தொட்டால் போனஸ். தொட முடியாதவர்கள் காத்திருப்போரை வேறு பட்டியலில் மறைத்து வைத்தார்கள். வெளியே சொன்னது சாம் ஃபூட் என்ற டாக்டர், அதுவும் ஓய்வு பெற்ற பிறகு. துறைச் செயலர் ஷின்செக்கி பதவி விலக வேண்டியதாயிற்று. உள்ளே தலைமையில் எத்தனை டாக்டர்கள் இருந்திருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

எங்கள் சீஃப் இன்னும் வியாழக்கிழமை காலை ஓ.பி. பார்க்கிறார். ஒருநாள் பிரிண்டர் சிக்கிக்கொண்டு அவரே குனிந்து தாளை இழுத்தார், சட்டையெல்லாம் மை. நாங்கள் எட்டு மாதம் கேட்டும் வராத பிரிண்டர் திங்களன்று வந்து இறங்கியது. அரை நாள் ஓ.பி.யை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கணக்கன் (லெனேசியா):

கோபித்துக்கொள்ளாதீர்கள், டாக்டர் தலைவரானால் எல்லாம் சரியாகும் என்பது டாக்டர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் கதை. நான் ஒரு மாகாண மருத்துவமனையில் கொள்முதல் பார்த்தவன். அங்கே பிரிவுத் தலைவர் நல்ல டாக்டர், ஆனால் ஃபைலைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். மூன்று கொட்டேஷன் வாங்காமல் ஒரு மெஷின் வந்து இறங்கிவிட்டது, ஆடிட்டர் வந்தபோது மாட்டியது நாங்கள். 1999-ன் பொது நிதி மேலாண்மைச் சட்டத்துக்கு ஸ்டெதஸ்கோப் பற்றியெல்லாம் கவலை கிடையாது. உங்களுக்கு எத்தனை ராண்ட் வரை செலவு அனுமதி, காலி இடத்துக்கு ஆள் எடுக்கக் கையெழுத்து யாருடையது, இந்த இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் பொறுப்பு உங்களுக்கு, பேனா இன்னொருவருக்கு.

ஃபீனிக்ஸ்காரன்:

கணக்கன் அண்ணா, கதை மட்டும் இல்லை. 2011-ல் அமாண்டா குடால் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் முன்னணி மருத்துவமனைகளை எடுத்துப் பார்த்தார், புற்றுநோய், இதயம், செரிமானம் மூன்றிலும். டாக்டர் தலைமையில் உள்ளவற்றுக்குத் தரப் புள்ளி கூடுதல். ஆனால் டாக்டரால்தான் கூடியதா, நல்ல மருத்துவமனைகள் டாக்டரைத் தேர்ந்தெடுக்கின்றனவா என்பது அந்த ஆய்வில் தெரியாது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். பேனா விஷயத்தில் நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு.

செல்வி (சாட்ஸ்வர்த்):

நான் டாக்டரும் இல்லை, கணக்கரும் இல்லை. எங்கள் தாத்தா இரண்டாம் உலகப்போரில் இந்திய மலாய் படைப்பிரிவில் லாரி ஓட்டியவர், துப்பாக்கி கொடுக்கவில்லை. அப்பா டர்பன் துறைமுகத்து சாலிஸ்பரி தீவில், இந்தியர்களுக்கான ஜல்சேனா கடற்படைத் தளத்தில் இருந்தவர். இப்போது அவருக்கு மூட்டுவலி, ரத்த அழுத்தம். 2011 சட்டப்படி முன்னாள் படைவீரருக்கு மருத்துவ வசதி உண்டு, தரவுத்தளத்தில் பெயர் ஏறியிருக்க வேண்டும், ஏறுவதற்குள் எனக்கு நரை வந்துவிட்டது.

1994-க்குப் பிறகு ஏழு படைகளை ஒன்றாக்கினார்களே, அதை அந்த ஓ.பி. பெஞ்சில் பார்க்கலாம். பழைய அரசாங்கப் படைக்காரர் பக்கத்தில் உம்கொண்டோக்காரர். அப்பா ஃபிளாஸ்க்கில் கொண்டுபோகும் டீயில் பாதி அந்தப் பக்கம் போய்விடும். பேசிக்கொள்வது பெரும்பாலும் முழங்காலைப் பற்றி. ராத்திரி அப்பா கத்திக்கொண்டு எழுந்திருக்கிறார், அதைப் பற்றி இதுவரை ஒரு டாக்டரும் கேட்டதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் புது டாக்டர், முதலிலிருந்து ஆரம்பிப்பார். நீங்கள் தலைவரானால் ஒருவரை ஒரே டாக்டர் பார்க்கும்படி செய்ய முடியுமா? அது போதும் எங்களுக்கு.

கடலோரம்:

எல்லோருக்கும் நன்றி. செல்வி அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அந்தப் பழுப்பு உறைத் தாத்தாவிடம் தூக்கத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை.

இன்று அவர்களுக்கு ஃபோன் செய்தேன். வாரம் ஒரு காலை ஓ.பி. உண்டு என்று எழுதித் தருகிறார்களாம். ஓவர்டைம் நோயாளி பார்க்கும் நேரத்தைப் பொறுத்தது, மனிதவளப் பிரிவில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். காலி இடத்துக்கு ஆள் எடுப்பது யார் கையெழுத்து என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "அதை நேரில் பேசிக்கொள்ளலாம் மேடம்" என்றார்கள். மேட்ரன் அம்மா, பிரவுன்ஸ் பாஷையில் இதற்கு என்ன அர்த்தம்?

ஓய்வுபெற்ற மேட்ரன்:

இல்லை என்று அர்த்தம். இருந்தாலும் போய்ப் பேசு. பேசிவிட்டு வந்த அன்று ராத்திரியே, "இன்று நாம் பேசியபடி" என்று ஆரம்பித்து ஒரு ஈமெயில் போட்டுவிடு, கமாண்டிங் ஆபீசருக்கும் ஒரு காப்பி.